இறக்கையின் மறுபாதி

விமானம் தலைக்கு மேல் வரும்போது கண்ணை மட்டும் மூடிவிடக் கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கண்ணை மூடினால் கையிலிருக்கும் மூங்கில் சாயும். மூங்கில் சாய்ந்தால் விமானிக்குக் கோடு தவறும். கோடு தவறினால் மருந்து விழுந்த வயலிலேயே மறுபடி விழும், விழாத வயலைப் பூச்சி தின்றுவிடும். அப்புறம் பண்ணைக் காரியஸ்தர் கண்ணுசாமியின் வாயில் விழ வேண்டும். அந்த வாயில் விழுவதைவிட விமானத்தின் அடியில் நிற்பதே மேல் என்பது அப்பாவின் கட்சி. எனக்கு இரண்டுமே வேண்டாம் என்றுதான் இருந்தது.

அந்த வருஷம் சம்பாவில் புகையான் விழுந்தது. பூச்சி சிறிசுதான், ஆனால் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்க ஆள் இல்லை. கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே வேலைநிறுத்தத்தில் இருந்தது. ஊருக்குள் செங்கொடி, ஊர் எல்லையில் போலீஸ் வேன். வைத்தியலிங்கம் பண்ணைக்கு முப்பது வேலி நிலம். அவர் இன்னும் சில மிராசுதார்களைச் சேர்த்துக்கொண்டு மருந்து தெளிக்க விமானத்தையே வரவழைத்துவிட்டார். எங்களுக்கு அரை மரக்கால் நெல் கூடக் கொடுக்க மனம் வராது, ஆகாயத்திலிருந்து மருந்து கொட்ட மட்டும் மனம் வரும். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

விமானமே வந்தாலும் கொடி பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வயலின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் நிற்க வேண்டும். நெடிய மூங்கிலின் உச்சியில் வெள்ளைத் துணி. இரண்டு கொடிகளையும் ஒரே நேர்கோட்டில் பார்த்துத்தான் விமானி தாழ இறங்குவார். ஒரு நடை தெளித்ததும் நாங்கள் இருவரும் பக்கவாட்டில் தள்ளி நிற்போம், அடுத்த நடைக்கு வருவார். கொடி இல்லாவிட்டால் மேலிருந்து பார்க்கிறவருக்கு எல்லா வயலும் ஒன்றுதான், தெளிக்க மாட்டார். ஏதாவது ஆபத்தென்றால் கொடியை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே எங்களை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

என் அப்பா காத்தான் சங்கத்து ஆள்தான். ஆனாலும் கொடி பிடிக்கப் போனார். காரணம் எங்கள் குடிசை நிற்கிற மனை. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஆனால் இவன் இங்கேதான் குடியிருக்கிறான் என்று பண்ணை ஒப்புக்கொள்ளாமல் தாசில்தார் ஆபீசில் எதுவும் நகராது. கொடி பிடித்தால் ஒப்புக்கொள்வோம் என்றார்கள். பிடிக்காவிட்டால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு அங்கே வைக்கோல் போர் வைப்போம் என்றார்கள். கிழக்கே ஒரு சேரியில் ஆட்களை வீட்டோடு சேர்த்துக் கொளுத்தி ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் பண்ணையார்கள் ஒன்று சொன்னால் அதை வெறும் பேச்சு என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

அப்பா மூங்கிலை எடுத்துக்கொண்டார். மறுகோடியில் நிற்க வேறு யாரும் வராததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் எங்களைக் கருங்காலி என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள், நானும் அவர்கள் காதுபடவே பதில் சொன்னேன். அதற்கெல்லாம் எனக்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் அந்த விமானத்தின் மேல்தான். முதலில் ஒரு ரீங்காரம் கேட்கும். அப்புறம் பயிரின் மேல் உட்காரப் போவதைப் போல இறங்கி, முகத்துக்கு நேராக வரும். மூங்கில் நுனிக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூட இடம் இருக்காது. அது தாண்டிய பிறகுதான் மூச்சு விடுவேன், அந்த மூச்சில் மருந்து நெடி ஏறும்.

“உனக்குப் பயமா இல்லியாப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னா பயம்? கொக்கு பறக்குது, அது கொஞ்சம் பெரிய கொக்கு” என்றார் அப்பா. நான் அதை நம்பினேன். அவர் நிற்கிற கோடி என் கோடியைவிட மோசம். அவருக்குப் பின்னால் உயரக் கம்பங்களில் மின்சாரக் கம்பி போனது, விமானிக்கு இடப்பக்கம் தென்னந்தோப்பு. அதனால் விமானம் அவர் தலையைத் தாண்டியதும் விருட்டென்று மூக்கைத் தூக்கி, தூக்கும்போதே வலப்பக்கம் சாய்ந்து போகும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்த இடத்தில் என்ஜின் போடுகிற சத்தம் என் கோடி வரைக்கும் கேட்கும்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் வைரக்கண்ணு லீவில் வந்து இறங்கினான். எங்கள் தெருவில் முதல் இன்ஜினியர் அவன். பெங்களூரில் விமானக் கம்பெனி ஒன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் இறக்கைக்குக் கணக்குப் போடுகிறேன் என்பான். கோழிக்கு இறக்கை இருக்கிறது, அதற்கு யார் கணக்குப் போட்டார்கள் என்று நான் கேலி செய்வேன். இந்தத் தடவை வந்த அன்றைக்கே உட்கார வைத்து விளக்கினான்.

“ஒரு பந்தல்னு வெச்சுக்க. ஒரு கால்ல நீ சாஞ்சா மத்த காலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அசையும்ல? எந்தக் கால்ல சாஞ்சா எது எவ்வளவு அசையும்னு கட்டம் போட்டு எண்ணை எழுதிடணும். அந்தக் கட்டத்துக்குத்தான் மேட்ரிக்ஸ்னு பேரு. அது கையில இருந்தா, காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் பந்தல் என்ன ஆவும்னு முன்னாடியே சொல்லிடலாம். இறக்கையை நூத்துக்கணக்கான துண்டாப் பிரிச்சு, துண்டு துண்டு சேர்ற மூட்டுக்கெல்லாம் அந்த மாதிரி எழுதுவோம். கம்ப்யூட்டர் கூட்டிக் கழிச்சுச் சொல்லும்.”

“பந்தல் நிக்குமான்னு பந்தக்காரனைக் கேட்டாப் போச்சு. அதுக்குப் பெங்களூரு வரைக்கும் போவணுமா?”

“பந்தல் விழுந்தா உதறிக்கிட்டு எழுந்திரிச்சிடலாம், செவ்வந்தி” என்றான். சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். முழு இறக்கைக்கும் எழுதினால் கம்ப்யூட்டரில் இடம் போதாதாம். அதனால் பாதி இறக்கைக்குத்தான் எழுதுவார்களாம். நடுவில் ஒரு கண்ணாடியை வைத்ததுபோல, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே என்று முடித்துவிடுவார்களாம்.

“அந்தப் பக்கம் வேற மாதிரி இருந்தா?”

“இருக்காது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பாரம் விழுற வரைக்கும் இருக்காது” என்றான்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவனைத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திடல் என்பது தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். அதைச் சமன் செய்து உருளை ஓட்டி விமானம் இறங்க வழி பண்ணியிருந்தார்கள். ஊரே திருவிழா பார்ப்பதுபோல் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணனுக்கு விமானத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இந்த மாதிரி விமானத்தின் இறக்கைக்குத்தான் அவன் ஆபீசில் கணக்குப் போட்டார்களாம். சொந்தக்காரரைத் திருவிழாவில் பார்த்ததுபோல் கயிற்றைத் தாண்டிக் கிட்டே போனான். போனவன் இடது இறக்கை உடம்போடு சேர்கிற இடத்தில் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

ஆணித் தலைகள் வரிசையாக இருந்த இடத்தில் ஒவ்வொரு ஆணியிலிருந்தும் பின்பக்கமாகக் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. அழுத குழந்தையின் கண்மை கன்னத்தில் இழுபடுவதுபோல் இருந்தது. அண்ணன் விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

“எண்ணெய்ப் பிசுக்கா?” என்றேன்.

“இல்ல. தகடும் ஆணியும் உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசுது. அந்தத் தூளு வழியுது. உள்ள மூட்டு விட்டுப்போச்சுன்னாதான் ஆணி இப்படி உரசும்.”

நான் சுற்றிக்கொண்டு போய் வலது இறக்கையைப் பார்த்தேன். அங்கே ஒரு கோடும் இல்லை. வந்து சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் காவலாள் வந்து எங்களைக் கயிற்றுக்கு வெளியே விரட்டிவிட்டான். நடந்து வரும்போது அண்ணன் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். விமானம் அப்பாவைத் தாண்டித் தூக்கும்போது எந்தப் பக்கம் சாயும்? வலப்பக்கம் என்றேன். எப்பவுமா? எப்பவும்தான், இடப்பக்கம் தென்னை இருக்கிறதே என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அவன் களத்தில் உட்கார்ந்துவிட்டான். வேலைநிறுத்தத்தால் களம் காலியாகக் கிடந்தது. சாணி மெழுகிய தரையில் அடுப்புக்கரியால் பெரிய பெரிய கட்டங்கள் போட்டான். கட்டத்துக்குள் எண்கள். நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கையால் போட முடியாது என்று இறக்கையைச் சில பெரிய துண்டுகளாகவே பிரித்துக்கொண்டான். ஆனால் பாதியோடு நிறுத்தவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி மறுபாதியையும் எழுதினான். ஒரு வரிசையை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி அடுத்த வரிசையிலிருந்து கழித்தான். நான் எட்டாவது வரை படித்தவள், பெருக்கல் எனக்கு வரும். அவன் சொல்லச் சொல்லப் பெருக்கிச் சொன்னேன், தீர்ந்த வரிசையை ஈரத்துணியால் துடைத்தேன்.

கூழ் கொண்டுவந்த அம்மா களத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். கட்டம் போட்டு எண் எழுதினால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். “யாருக்குடா வெக்கிற? பண்ணைக்கா?” என்று குரலை அடக்கிக் கேட்டாள். மாந்திரீகம் இல்லை என்று நான் சொல்லியும் அவள் கட்டத்தை மிதிக்கவில்லை. கூழைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனைப் பார்த்ததும் அது அடங்கிப் போனது. அவன் எண்களைத் துடைக்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். தப்பு இருக்க வேண்டும் என்று தேடுகிற முகம் அது. தப்பு கிடைக்கவில்லை.

“நேராத் தூக்கினா தாங்கும். சாஞ்சுக்கிட்டே தூக்கினா பாரம் பாதிப் பாதியா விழாது. வலப்பக்கம் சாயும்போது இடது இறக்கைக்குக் கூடப் போவுது. அந்த மூட்டைப் பத்தி ஆபீஸ்ல யாரும் பாக்கல. கண்ணாடி வெச்ச கணக்குல அது தெரியவே தெரியாது” என்றான். “தொட்டி நெறைய மருந்தோட அப்படித் தூக்கினா, உள்ள கீறல் விட்டிருக்கிற மூட்டு தாங்காது.”

“எத்தினி நாளு தாங்கும்?”

“அது இந்தக் கணக்குல வராது. இன்னிக்காவும் இருக்கலாம்.”

விமானம் தூக்குகிற இடத்துக்கு நேர் கீழே யார் நிற்கிறார்கள் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனோம். களஞ்சியத்துக்கு முன்னால் வைத்தியலிங்கம் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஒரு நாள் விமானத்தை நிறுத்தி அந்த மூட்டைத் திறந்து பார்க்கச் சொன்னான். காரியஸ்தர் கண்ணுசாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“வேலையை நிறுத்துனீங்க. இப்ப விமானத்தையும் நிறுத்தணுமா? பெங்களூர்லயும் சங்கம் இருக்கா தம்பி?”

“இல்லீங்க, விமானியை மட்டும் ஒரு தடவை பாத்துப் பேச விடுங்க. நான் போட்ட கணக்கைக் காட்டுறேன்.”

“களத்துல கட்டம் போட்டியே, அதுவா? ஆள் வந்து சொன்னான்.”

வைத்தியலிங்கம் அண்ணனைப் பார்க்கவே இல்லை. “உசிரைக் கையில புடிச்சு ஓட்டுறவனுக்கு இல்லாத பயம் இவனுக்கா?” என்றார் போலீஸ்காரரிடம். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். “காத்தா, மத்தியானம் கொடி நிக்கணும். நிக்கலேன்னா சாயங்காலம் உன் குடிசை நிக்காது. உன் மவன் திடல் பக்கம் வந்தான்னா ஸ்டேஷன்ல தேடிக்க.”

“ஆவட்டும் ஆண்டே” என்றார் அப்பா. சங்கம் வந்த பிறகு பண்ணையாரை நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அண்ணனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் அப்பா அப்படிச் சொன்னார். எனக்குப் புரிந்தது, ஆனாலும் ஆத்திரம் தாங்கவில்லை.

வாய்க்கால் கரையில் வந்து நின்றதும் அப்பா அண்ணனிடம் கேட்டார். “நீ போட்டது சரிதானா?”

“சரிதாம்ப்பா.”

“அந்த விமானிப் புள்ளைக்கும் உன் வயசுதான் இருக்கும்” என்றார் அப்பா. “கொடியை நட்டுட்டு நிப்போம், போவலேன்னு சொல்லக் கூடாது. அவரு முத நடைக்கு எறங்குறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டிடுவோம். திரும்பிப் போயி என்னான்னு கேக்க எறங்குவாரு. அப்ப நீ பேசிக்க. மனை போனாப் போவுது.”

மனை போனால் போகிறது என்று அப்பா சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மத்தியானம் நான் என் கோடியில் மூங்கிலோடு நின்றேன். அண்ணன் கருவேலப் புதரின் மறைவில் எனக்குப் பக்கத்தில் இருந்தான். அப்பா அந்தக் கோடியில், வயல் முழுக்கத் தாண்டி, ஒரு விரல் அளவுக்குத் தெரிந்தார். அவருடைய வெள்ளைத் துணிதான் நன்றாகத் தெரிந்தது. திடல் பக்கமிருந்து ரீங்காரம் கிளம்பியது. தொட்டி நிறைய மருந்தோடு கிளம்புகிற சத்தம் கனமாக இருக்கும், எனக்குப் பழகியிருந்தது.

“கொடியை ஆட்டினா அவரு என்ன பண்ணுவாரு?” என்று அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

“சட்டுனு மேல தூக்கி வலப்பக்கமா ஒடிச்சுக்கிட்டுப் போயிடுவாரு. எங்க மேல மோதிடக் கூடாதுல்ல? முத நாளே சொன்னாங்க.”

அவன் புதரிலிருந்து எழுந்துவிட்டான். “சட்டுனா?”

“ஆமா. ஒருநாள் குறுக்க மாடு வந்துதுன்னு ஆட்டினேன். என்ஜின் கிழிஞ்சுபோற மாதிரி கத்துச்சு.”

“ஐயோ, செவ்வந்தி, ஆட்டாத!” என்று கத்தினான். “அதுதான். அந்தப் பாரம்தான். தொட்டி நெறைய வெச்சுக்கிட்டு, சட்டுனு, சாஞ்சு. இதைவிட மோசமா ஒண்ணு நானே எழுத முடியாது. ஆட்டினா இறக்கை போயிடும்!”

அவனுக்குக் கொடி பாஷை தெரியாது, எனக்கு அவன் கணக்கு தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நிற்காமல் ஓடிப்போய்விடலாமா என்றேன். கூடாது, கொடியைக் காணோமென்றாலும் அவர் தூக்கித் திருப்புவார் என்றான். ஒழுங்காக ஒரு நடை போகட்டும், மருந்து கொஞ்சம் கொட்டினால் கனம் குறையும், தொட்டி காலியானால் தப்பித்துக்கொள்ளலாம் என்றான். அதற்கு இரண்டு கொடியும் ஆடாமல் நிற்க வேண்டும்.

என் கொடி சரி. அப்பா?

அப்பா ஆட்டுவார். அப்பா சொன்னால் செய்கிறவர். விமானம் தென்னை உயரத்துக்கு இறங்கியதும் ஆட்டுவதாகப் பேச்சு. அவரிடம் ஓடிச் சொல்ல நேரம் இல்லை, கத்தினாலும் கேட்காது. அவருக்குச் சேதி சொல்ல என்னிடம் இருந்தது அந்த மூங்கில் ஒன்றுதான். நான் ஆட்டவில்லை என்பதைப் பார்த்தாவது அவர் நிறுத்த வேண்டும். மூங்கிலின் அடியைச் சேற்றில் முழங்கை ஆழத்துக்கு இறக்கினேன். அண்ணன் பாய்ந்து வந்து அவனும் பிடித்துக்கொண்டான். காற்றில் துணி படபடத்ததே எனக்குப் பயமாக இருந்தது. ஆட்டுகிறோம் என்று விமானி நினைத்துவிட்டால்? “அப்பா, பாருப்பா, இங்க பாருப்பா” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விமானம் எங்கள் முதுகுப் பக்கமிருந்து இறங்கி வந்தது. நிழல் முதலில் எங்களை மிதித்துக்கொண்டு போனது. அடுத்து சத்தம். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான், நானும் பார்த்தேன். இடது இறக்கையின் அடி ஒரு கணம் எங்களுக்கு மேல் இருந்தது, அந்தக் கறுப்புக் கோடுகள்கூடத் தெரிந்தன. பிறகு மருந்து மழை. கண் எரிய எரிய அப்பாவின் கொடியையே பார்த்தேன். அது ஆடவில்லை. விமானம் அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அது ஆடவில்லை. ஆடாதே, ஆடாதே என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அப்பாவுக்கு மேலே போனதும் விமானம் மூக்கைத் தூக்கியது, வலப்பக்கம் சாய்ந்தது. அந்தக் கிழிக்கிற சத்தம் வந்தது. எனக்குக் கால் நனைந்துவிட்டது. அது வயல் தண்ணீர் இல்லை, சொல்வதற்கு இப்போது வெட்கம் இல்லை.

இறக்கை இருந்தது. விமானம் கம்பிக்கு மேல் ஏறித் திரும்பியது.

அப்புறம் நடை மேல் நடையாக நாங்கள் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி நின்றோம். திரும்பி வருகிற நடைக்கு எங்கள் பக்கம் வெட்டவெளி, பயமில்லை. அப்பா பக்கம் போகிற ஒவ்வொரு நடைக்கும் உயிர் போய் வந்தது. அடுத்தது லேசாத்தான் இருக்கும் என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் சொன்னான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை. கடைசியில் மருந்து நின்றது. காலியான விமானம் லேசாக மிதந்து திடல் பக்கம் போனது. அடுத்த பாரத்துக்காக இறங்கப் போகிறது.

நான் அப்பாவுக்குக் கையசைத்தேன். மூவரும் மூங்கிலோடு திடலுக்கு ஓடினோம். ஸ்டேஷன், குடிசை எதுவும் அப்போது நினைவில் இல்லை. விமானம் நின்றதும் அதன் மூக்குக்கு நேராக இரண்டு கொடியையும் தரையில் ஊன்றிவிட்டேன். காவலாள் என் தலைமுடியைப் பிடித்தான். விமானி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தார். கொடிக்காரர்கள் எதற்கு இங்கே வந்தார்கள் என்று அவர் கேட்டார், அவராவது கேட்டார். அண்ணன் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லி, அந்தக் கறுப்புக் கோடுகளைக் காட்டினான். விமானி குனிந்து பார்த்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தகட்டைத் திறக்கச் சொன்னார். மெக்கானிக் உள்ளே கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது அவருடைய விரல் நுனி வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. உள்ளே பிளவு அந்த அளவுக்கு இருந்தது. விமானி அந்த இறக்கையின் அடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணுசாமி மூச்சு வாங்க ஓடி வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப மிச்ச வயலுக்கு என்னா பண்றது?” என்றார்.

அன்று சாயங்காலம் குடிசையைப் பிரிக்க யாரும் வரவில்லை. விமானி போலீஸ்காரரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அதற்குள் சேதி பரவித் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. காலையில் கருங்காலி என்ற வாயெல்லாம் இப்போது, காத்தான் மலை மாதிரி நின்றான், மகளின் கொடியைப் பார்த்துப் புரிந்துகொண்டு அசையாமல் நின்றான் என்று சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் அண்ணன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான்.

“செவ்வந்தி ஆட்டலேன்னதும் எப்படிப்பா புரிஞ்சுக்கிட்ட? நீ ஆட்டியிருந்தா அவ்வளவுதான்” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். கை இன்னும் மூங்கில் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

“நான் எங்கடா பாத்தேன்?” என்றார். “ஆட்டணும்னுதான் நெனச்சேன். சத்தம் கிட்ட வந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டேன். கை எழும்பல.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முத நாள்லேர்ந்தே மூடிக்கிட்டுத்தாம்மா நிக்கிறேன்” என்றார் அப்பா.